ஒரே அட்டை, வேற புடவை

இன்னைக்கு எபிசோடு ஒரு பூனையைப் பத்தி.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல, எங்க தாத்தா தறிக்குப் பக்கத்துலயே வளர்ந்த பூனை அது. கருப்பு, ஆரஞ்சு, வெள்ளைன்னு மூணு கலர். போன வருஷம் செத்துப்போச்சு. "அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு கெடைக்குமாடா?"ன்னு தாத்தா கேட்டார். இன்ஜினியர் புத்தி, உடனே குளோனிங் பத்தித் தேட ஆரம்பிச்சேன்.

2001-லயே அது நடந்திருக்கு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல, ரெயின்போங்கிற மூணு கலர் பூனையோட செல்லிலிருந்து உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. பேரு சிசி. ஆனா சிசி உடம்புல ஆரஞ்சு துளிகூட இல்ல!

ஏன்? அதுக்கு 1949-க்குப் போகணும். கனடாவில் முர்ரே பார், தன் மாணவரோட சேர்ந்து, பெண் பூனைகளின் நரம்பு செல்களில் மட்டும் ஒரு கரும்புள்ளி இருப்பதைக் கவனித்தார். 1961-ல் இங்கிலாந்தின் மேரி லயன் ஒரு விளக்கம் சொன்னார்: பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம். கரு வளரும்போதே ஒவ்வொரு செல்லும் அதுல ஒண்ணை அணைச்சிடும். எதை அணைக்கும்ங்கிறது லாட்டரி. ஆனா அணைச்சிட்டா, அந்த செல்லோட வாரிசுகள் எல்லாம் அதையே தொடரும். அப்படி அணைஞ்சு சுருண்டு கிடக்கிற எக்ஸ்தான் அந்தக் கரும்புள்ளி.

பூனையோட ஆரஞ்சு நிறம் எக்ஸ்லதான் இருக்கு. ஒரு எக்ஸ்ல ஆரஞ்சு, இன்னொண்ணுல கருப்புன்னா, உடம்பு திட்டுத்திட்டா வரும். ஆணுக்கு ஒரே எக்ஸ். அதனாலதான் மூணு கலர் பூனை கிட்டத்தட்ட எப்பவுமே பெண். வெள்ளைக்குக் காரணம் வேற ஜீன்.

அந்த ஆரஞ்சு எங்கிருந்து வருது? 2025-லதான் ஜப்பானின் கியூஷு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுக்கள் தனித்தனியா ஒரே விடையை வெளியிட்டாங்க. எக்ஸ்ல சுமார் 5,100 டிஎன்ஏ எழுத்துகள் அழிஞ்சுபோயிருக்கு. அதனால ஒரு ஜீன், நிறம் தயாரிக்கிற செல்கள்ல தேவையில்லாம ஆன் ஆகி, கருப்பை ஆரஞ்சாக்கிடுது.

ரெயின்போகிட்ட எடுத்த செல்லுல ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே அணைஞ்சிருந்தது, அது சிசிகிட்டயும் அப்படியே தொடர்ந்தது. இதுதான் விஞ்ஞானிகள் தர்ற விளக்கம்.

தாத்தாகிட்ட தறி பாஷையில சொன்னேன்: "ஜக்கார்டுல அதே அட்டையைப் போட்டா அதே டிசைன் வரும். பூனைக்கு அட்டை ஒண்ணாவே இருந்தாலும் புடவை வேற தாத்தா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்போ நம்மளுது ஒரே பீஸுதான்"ன்னார்.

குளோனிங் பேஜை மூடிட்டேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.