ஒரு கணினியில் இரண்டு டெக்

விருத்தாசலம் பக்கத்துக் கல்வெட்டுகள் பற்றிய என் குறிப்புகளைக் கம்மாபுரத்து வீட்டில் உட்கார்ந்து லேடெக்கில்தான் கோர்க்கிறேன். போன மாதம், முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய கோப்பு திடீர்னு நின்னுபோச்சு. தப்பு என்னுடையதுதான். டெபியனில் ஆப்ட் போட்ட பழைய டெக் லைவை நீக்கிவிட்டு, புதுப் பதிப்பைத் தனியாக இறக்கி நிறுவியிருந்தேன். பிறகு ஒரு எடிட்டர் வேணும்னு ஆப்டிடம் கேட்டேன். அது பழைய டெக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டது!

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. டொனால்ட் குனுத் 1978-இல் டெக்கை வெளியிட்டார். பின்னாளில் லினக்ஸ்காரர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது தாமஸ் எஸ்ஸர் தொகுத்த டெடெக். எல்லாக் கணினிக்கும் ஒரே தொகுப்பு என்ற எண்ணத்தில் டெக் பயனர் குழுக்கள் 1996-இல் டெக் லைவைக் குறுந்தகட்டில் கொண்டுவந்தன. 2006-இல் எஸ்ஸர் டெடெக்கை நிறுத்தியதும் டெபியன் போன்றவை டெக் லைவுக்கு மாறின. 2008-இல் டெக் லைவுக்கே சொந்தமாக ஒரு பொதி மேலாளர் வந்தது. அன்றிலிருந்து ஒரே பத்தாயத்துக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கு. டெபியனுக்கு நிலைத்தன்மை முக்கியம். 2009 பிப்ரவரியில் வந்த டெபியன் 5-இல் இருந்தது டெக் லைவ் 2007. ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு அந்தத் தாமதம் வலிக்கும். யூனிகோட் தமிழை அப்படியே தட்டி அச்சுக்கோர்க்க வழிசெய்தது ஜோனதன் கியூவின் ஸீடெக். 2004-இல் மேக்கில் பிறந்த அது, டெக் லைவுக்குள் வந்ததே 2007-இல்தான்.

சரி, தீர்வு? முதலில் யாராவது ஒரு கணக்குப்பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அவசரமில்லை என்றால் ஆப்ட் தருவதே போதும். அதன் மேல் டெக் லைவ் மேலாளரை ஓட்டிப் புதுப்பிக்கப் பார்க்காதீங்க. புதுசுதான் வேணும்னா, ஆப்ட் கை வைக்காத லோக்கல் அடைவில் நிறுவி, பாத் வரிசையில் அதை முன்னால் வையுங்கள். நான் பாத்தின் கடைசியில் வைத்திருந்தேன். அதனால்தான் பழையது முந்திக்கொண்டது. அப்புறம் ஈக்விவ்ஸ் என்ற கருவியால் ஒரு வெற்றுப் பொதி செய்து நிறுவுங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. "டெக் லைவ் இங்கே ஏற்கெனவே இருக்கு" என்று ஆப்டிடம் சொல்வது மட்டுமே அதன் வேலை. ஆப்ட் அதை நம்பிவிடும்.

ஒன்றை மறந்துடாதீங்க: தனியாக நிறுவிய டெக்கை என்றைக்காவது நீக்கினால், அந்தப் பொய்ப் பொதியையும் சேர்த்து நீக்கிவிடுங்கள். இல்லாத நெல்லுக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.