சீஸ் பாஸ்தாவும் ரேஷன் கார்டும்

ஊரிலிருந்து பெரியவங்க வந்து தங்கும் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் வாரம் ஒரு தடவையாவது இந்த வசனம் கேட்கும். "இதெல்லாம் ஒரு சாப்பாடா? வெள்ளைக்காரன் திங்கிறதை நாம எதுக்குத் திங்கணும்?" எதிர்ப்பக்கம் பிள்ளைகள் "பாட்டி, ஒரே ஒரு வாய்" என்று ஸ்பூனை நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் நாம். ரெண்டு பக்கமும் தலையாட்டத் தெரிந்தால் பிழைத்தோம் :-)

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை ராத்திரி பாஸ்தா. தங்கமணி ஆபீஸிலிருந்து வர எட்டரை ஆகும். நான் வங்கியில் நாள்கணக்கை முடித்துவிட்டு, டிராஃபிக்கில் நீந்தி ஏழரைக்கு வருவேன். ஒரே பாத்திரம், இருபது நிமிஷம், கழுவவும் ஒரே பாத்திரம்தான். இதைவிடச் சுருக்கமான சாப்பாடு எனக்குத் தெரிந்து உப்புமா மட்டுமே. அதைச் சொன்னால் வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தாமலே தோற்றுவிடுவேன்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் ஆரம்ப இருப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னால் புரட்டிப் பார்ப்பான். அப்படி இந்தப் பாத்திரத்தையும் புரட்டினேன். உள்ளே இருப்பது மூணே சரக்கு: கோதுமை, பால், சீஸ். மூணுக்கும் பின்னால் நான் எதிர்பார்த்தது பணக்கார மேல்நாட்டு விருந்து. கிடைத்ததோ பஞ்சமும் பற்றாக்குறையும் ரேஷன் கார்டும்.

அமெரிக்காவிலேயே அது ஏழை வீட்டுச் சாப்பாடு

முதலில் வெளிநாட்டுக் கணக்கை முடித்துவிடுவோம். சீஸ் ரொம்ப நாள் தாங்காது, வெயிலில் கெட்டுவிடும் என்பது பழைய பிரச்சினை. சீஸைச் சூடாக்கிக் கலக்கிக் கெடாமல் வைக்கும் முறைக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அந்த டின் சீஸ் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போனது. 1937-ல் அதே நிறுவனம் மெக்கரோனியும் சீஸ் பொடியும் சேர்த்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு விற்றது. விலை 19 சென்ட், நாலு பேர் சாப்பிடலாம். பொருளாதார மந்தத்தில் வேலை போன வீடுகளுக்கு அது வரப்பிரசாதம். இரண்டாம் உலகப் போரில் அங்கேயும் ரேஷன் வந்தபோது ஒரு கூப்பனுக்கு ரெண்டு பெட்டி கிடைத்தது. ஆக, வெள்ளைக்காரன் ஆடம்பரத்துக்காகக் கண்டுபிடித்ததில்லை இது. கையில் காசு இல்லாத காலத்தில் வயிற்றை நிரப்பிய சாப்பாடு.

மைசூரில் செய்த மெக்கரோனி

இப்போது நம் பக்கம். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பி இருந்த பிரதேசங்கள். திடீரென்று கோதுமையைச் சாப்பிடுங்கள் என்றால் அரிசி தின்றவன் என்ன செய்வான்? பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டலில் அரிசி கிடைக்காத அந்தப் போர்க் காலத்தில்தான் ரவையை வைத்து இட்லி ஊற்றிப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்வார்கள். இன்று லால்பாக் ரோட்டில் நாம் வரிசையில் நின்று சாப்பிடும் ரவா இட்லிக்கும் பிறப்புச் சான்றிதழில் பற்றாக்குறை என்றுதான் போட்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அரிசித் தட்டுப்பாடு தீரவில்லை. 1950-ல் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன், அதற்கு முன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய குழு கேரளத்தின் அரிசிப் பஞ்சத்துக்காகச் செய்து பார்த்த பொருளின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: மரவள்ளி மெக்கரோனி! மரவள்ளிக்கிழங்கு மாவு பெரும்பங்கு, கொஞ்சம் கோதுமை ரவை, புரதத்துக்கு எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு. பிசைந்து, அச்சில் அழுத்தி, துண்டு போட்டுக் காயவைத்தால் முடிந்தது. கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. அந்தப் பள்ளத்தைக் கடலையை வைத்து மூடப் பார்த்தார்கள்.

சேவை நாழி தெரிந்த நமக்கு மெக்கரோனி இயந்திரம் ஒன்றும் அதிசயமில்லை. மாவை ஓட்டை வழியாகப் பிழிவது, அவ்வளவுதான். அந்த மெக்கரோனி அரிசியின் இடத்தைப் பிடிக்கவில்லை. சோறு சோறுதான் என்று மக்கள் இருந்துவிட்டார்கள். ஆனால் பாஸ்தா என்ற சொல்லே நம் வீடுகளில் புழங்காத காலத்தில், பெங்களூரிலிருந்து நூத்தி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு அரசாங்க ஆய்வுக்கூடத்தில் மெக்கரோனி பிழிந்தார்கள், அதுவும் பட்டினியைப் போக்க, என்பது எனக்குப் பெரிய செய்தி. இதே சுப்ரமணியன் பிற்பாடு திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் உருவாகவும் காரணமாக இருந்தார். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அதன் இன்றைய வளாகம் தெரிந்திருக்கும்.

1956-ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் வந்தது. கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கியது. 1965, 66 வறட்சி வருஷங்களில் அந்தக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலைமை. என் அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் நிறுவனம் சோள மாவும் பால் பவுடரும் கொடுத்தது. "மஞ்சளா ஒரு உப்புமா போடுவாங்க. பவுடர் பாலு ஒரு டம்ளர். அது இல்லைன்னா நாங்க பாதிப் பேர் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டோம்" என்று அம்மா சொல்வார். வெள்ளைக்காரன் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லும் அதே அம்மாதான் :-)

ஆடுகோடி வழியாக வந்த சீஸ்

நான் கிளைக்குப் போகும் வழியில் ஆடுகோடி சிக்னல். அங்கே ஓசூர் ரோட்டை ஒட்டி மரங்கள் அடர்ந்த ஒரு பழைய வளாகம் இருக்கிறது. இன்று அது தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல நிலையம். 1923-ல் இம்பீரியல் கால்நடை, பால்வள நிலையமாகத் தொடங்கியது. 1927-ல் உடம்பு சரியில்லாமல் நந்தி மலையிலும் பெங்களூரிலும் ஓய்வெடுத்த காந்தி, மாடு வளர்ப்பு பற்றித் தெரிந்துகொள்ள இங்கேதான் வந்தார்.

1940களில் இன்னொரு இளைஞர் இங்கே சில மாதம் பயிற்சிக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் இயந்திரப் பொறியியலும் படித்தவர். பால் பண்ணையில் அவருக்குத் துளி ஆசை கிடையாது. அரசாங்க உதவித்தொகை அந்தப் படிப்புக்குத்தான் கிடைத்தது. அவர்தான் வர்கீஸ் குரியன்.

1949-ல் குரியன் குஜராத் ஆனந்துக்குப் போனார். அங்கே பிரச்சினை எருமை. அன்று நம் நாட்டுப் பாலில் பெரும்பங்கு எருமைப்பால், அதைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். குரியனின் நண்பர் எச்.எம். தலாயா செய்து காட்டினார். 1955-ல் நேரு அந்த ஆலையைத் திறந்துவைத்தார். 1960-ல் அமுல் இன்னொரு பிரிவு கட்டியது: வருஷத்துக்கு 2,500 டன் குழந்தை உணவு, 600 டன் சீஸ். அந்தக் குழந்தை உணவின் செய்முறைக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? மெக்கரோனி பிழிந்த அதே மைசூர் நிலையம்.

சீஸ் எதற்கு? பனிக்காலத்தில் எருமை நிறையக் கறக்கும், கோடையில் வற்றும். கறக்கும் காலத்தில் வாங்க மாட்டேன் என்றால் விவசாயி செத்தான். உபரிப் பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் சீஸாகவும் மாற்றி வைத்தால் வருஷம் முழுக்கப் பால் வாங்கலாம். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் சீஸ் என்பது பாலின் ஃபிக்சட் டெபாசிட்.

கன்னுக்குட்டி விவகாரம்

அம்மா சைவம். "சீஸைக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ஏதோ ஒண்ணைப் போட்டுத்தான் செய்வாங்களாமே" என்று ஒரு நாள் கேட்டார். தப்பான கேள்வி இல்லை. பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் என்ற பொருள் காலங்காலமாகக் கன்றின் இரைப்பையிலிருந்துதான் வந்தது. ஐரோப்பாவின் பல பழைய சீஸ்களுக்கு இன்றும் அப்படித்தான். இந்தியாவில் இந்த ஒரு காரணத்துக்காகவே லட்சக்கணக்கான வீடுகள் சீஸைத் தொடாது. 1980களில் அமுல் நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னெட்டுக்கு மாறியது. பிற்பாடு பாக்கெட்டில் பச்சைப் புள்ளி கட்டாயமானது. இந்திய சீஸ் நம் சமையலறைக்குள் வர, முதலில் அது நம் ஆசாரத்துக்குள் வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்லி, பாக்கெட்டின் பச்சைப் புள்ளியையும் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். "சரிப்பா. எனக்கு மோர்சாதம் போதும். ஆனா தட்டை இங்கேயே போடு, பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடுறேன்" என்றார். அதுவரை வியாழக்கிழமைகளில் ஏழு மணிக்கே தனியாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். எனக்கு அது போதும்.

இது யார் சாப்பாடு?

பெங்களூர் இந்தச் சண்டையைத் தெருவிலேயே பார்த்த ஊர். 1995-ல் பிரிகேட் ரோட்டில் கே.எஃப்.சி. திறந்தபோது பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் ரைத சங்கம் எதிர்த்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் கடையை உடைத்தார்கள். அதே 1996-ல் பிட்சா ஹட் இந்தியாவில் தன் முதல் கடையை இதே ஊரில் திறந்தது. 2005 வாக்கில் ஐ.டி.சி. தன் சன்ஃபீஸ்ட் பாஸ்தாவை மசாலா சேர்த்து நம் மளிகைக்கடைக்கே கொண்டுவந்தது.

யாரிடம் விவசாயி ஏமாறுகிறான், யாரிடம் பிழைக்கிறான் என்று கேட்பது சரியான கேள்வி. சாப்பாட்டின் பெயர் இத்தாலியா தமிழா என்பது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. பாஸ்தாவுக்கு வேண்டிய கெட்டிக் கோதுமை மத்தியப் பிரதேசத்தில் விளைகிறது. கர்நாடகத்தில் உப்புமாவுக்கு வாங்கும் பன்சி ரவையும் அதே ஜாதிதான். பாலும் இங்கே, சீஸும் இங்கே. ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு அருப்புக்கோட்டை ஒரு விடுமுறை ஊர். அவர்களிடம் "இது நம்ம சாப்பாடு இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பாட்டி பசியோடு பள்ளிக்கூடம் போன கதையும் சேர்ந்து போய்விடும். இந்தப் பாத்திரத்தை வைத்தே அந்தக் கதையைச் சொல்லலாம். நான் சொல்கிறேன்.

கொசுறு: செய்முறை (நாலு பேருக்கு)

அடி கனமான பாத்திரத்தில் ஒரு ஸ்பூன் வெண்ணெய். நசுக்கிய பூண்டு நாலு பல், ஒரு வெங்காயம், இருக்கும் காய்கறி (குடைமிளகாய், கேரட், பட்டாணி) வதக்கவும். ரெண்டு கப் மெக்கரோனி, மூணரை கப் தண்ணீர், உப்பு. மூடாமல் மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், அடிக்கடி கிளறவும். தண்ணீரை வடிக்கக் கூடாது. கோதுமையின் கஞ்சி அதில்தான் இருக்கிறது, குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான். வெந்ததும் அரை கப் பால் விட்டு ஒரு கொதி. அடுப்பை அணைத்த பிறகே துருவிய சீஸ் நாலு கட்டி சேர்க்கவும். கொதிக்கும்போது போட்டால் சீஸ் நூல் நூலாகப் பிரிந்து எண்ணெய் கக்கும். மிளகுத்தூள் தாராளமாக.

மோர்மிளகாய் தொட்டுக்கொள்ளலாம். இத்தாலிக்காரர்கள் மன்னிப்பார்களாக :-)