பொறியியலும் முகாமையும்: மன்னார்க் கடல் புகட்டும் பாடம்

பொறியியல் பயிலும் மாணவன் இயற்கையின் விதிகளை அறிகின்றான். பொருள்களின் வலிமையையும் விசைகளின் இயக்கத்தையும் கணிக்கின்றான். ஆயின், அவன் அமைக்கும் தொழில் ஒவ்வொன்றும் பணம், ஆள், காலம் என்னும் மூன்றையும் சார்ந்தே நிலைபெறும். இம்மூன்றையும் ஆளும் முறையே முகாமை எனப்படும். அதன் அடிப்படைகளைப் பொறியியல் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டுமோ என்னும் வினாவுக்கு விடை காண மேனாடுகளை நோக்குமுன், மன்னார்க் கரையின் வரலாற்றை நோக்குதல் தகும்.

மன்னார் நகரின் ஒரு பகுதி உப்புக்குளம். அப்பெயரே ஒரு தொழிலை நினைவூட்டுகின்றது. கடல்நீர் பாத்திகளில் வெயிலால் வற்றுங்கால் முதலிற் சுண்ணாம்புப் பொருள்கள் படியும். அடர்த்தி மிக்கபின் உப்பு விளையும். எஞ்சிய கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றாவிடின் உப்பின் தரம் கெடும். இவ்வளவும் அறிந்தவன் நல்ல உப்பை விளைப்பான். எனினும், மழைக்குமுன் வாரி முடிக்க எத்தனை ஆள் வேண்டும், விளைந்ததை உடனே விற்பதா குவித்துக் காப்பதா, ஏற்றுகூலி போக எஞ்சுவது எவ்வளவு என்பவற்றிற்கு வேதியியல் விடை கூறாது.

இவ்வேறுபாட்டைப் பேரளவிற் காட்டியது, தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளை அடுத்த கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்பாகும். பிரித்தானியர் ஆட்சியில் அதன் ஒழுங்கு நன்கு வரையறுக்கப்பட்டிருந்தது. முதலிற் பார்கள் சோதிக்கப்படும். மாதிரிச் சிப்பிகளின் முத்துகள் மதிப்பிடப்படும். பயன் உண்டெனக் கண்டபின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கும், இரு பங்கு அரசுக்கும் உரியன. அரசின் பங்கு ஆயிரஞ் சிப்பிக்கு இவ்வளவு என ஏலத்தில் விற்கப்பட்டது. சிப்பிக்குள் முத்து உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தைச் சுமந்தவன் ஏலம் எடுத்தவனேயன்றி அரசு அன்று. சிப்பி இல்லாத ஆண்டில் குளிப்பும் இல்லை. அதற்குரிய பெருஞ்செலவும் இல்லை. 1891ஆம் ஆண்டின் பின்னர் 1903 வரை குளிப்பு நிகழாதபோது அரசு வருவாயை இழந்ததே தவிர, கடனில் வீழ்ந்திலது.

சிப்பி மறைதற்குரிய காரணத்தை ஆராய, லிவர்ப்பூல் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் ஹேட்மன் 1902இல் இலங்கைக்கு வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குத் துணைபுரிந்தார். பெரிய பாரிற் பெருந்தொகையாகத் தோன்றும் இளஞ்சிப்பிகள் வளர்ச்சியுறுமுன்னரே அழிவதை அவர்கள் கண்டு, அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்குமாறு கூறினர். அவர்தம் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. அதே காலத்திற் கடலும் வாரி வழங்கியது. 1905இல் மட்டும் அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாவாகும்.

இச்செழிப்பின் உச்சியில், 1906இல், இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்னும் நிறுவனம் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை கொண்டது. ஆண்டுக்குத்தகை 3,10,000 ரூபா. 1907இன் பின் சிப்பிகள் மீண்டும் மறைந்தன, குத்தகையோ மறையவில்லை. 1912இற் கம்பனி கலைக்கப்பட்டது. விலங்கியலறிவு அங்கே குறைவுபட்டதென்று கூறுதல் இயலாது. ஏறியிறங்கும் வருவாயின்மீது மாறாச் செலவைச் சுமத்தியதே பெருங்குறை. பத்தாண்டுக்கு மேற்பட்ட வறட்சி அண்மையில் நிகழ்ந்திருந்தும், மூன்று நல்லாண்டுகளே அளவுகோலாகக் கொள்ளப்பட்டன. அரசு தான் சுமவாத ஐயத்தைக் கம்பனி முழுமையாகச் சுமந்தது.

மேனாட்டிலும் இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் பொறியியலாளரே. பொறியியலாளன் பொருளியலும் அறிதல் வேண்டுமென ஹென்றி டவுன் 1886இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் உரைத்தார். 1914இல் மசாச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகம் பொறியியல் நிருவாகத்தைத் தனிப் பாடநெறியாக்கியது. சுரங்கப் பொறியியலாளரான ஹென்றி ஃபயோல், 1888இல் நலிந்திருந்த கம்பனியொன்றை ஏற்று அதனை நிமிர்த்தியவர். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், இணைத்தல், கட்டுப்படுத்தல் என முகாமையை ஐந்தாக வகுத்து 1916இல் நூல் வெளியிட்டார். பிரெஞ்சுப் பொறியியற் பள்ளிகள் கணிதத்தை மிகுதியாகப் புகட்டி, நிருவாகத்தைப் புகட்டாது விடுகின்றன என்பது அவர்தம் முறையீடு.

இலங்கையில் 1893இல் தொழினுட்பக் கல்லூரியும், 1950இற் பல்கலைக்கழகப் பொறியியற் கல்வியும் தோன்றின. இன்று பொறியியற் பீடங்கள் முகாமையையும் கற்பிக்கின்றன. எனினும், தேர்வுக்காக மனனஞ் செய்யப்படும் வரைவிலக்கணங்களால் மட்டும் அக்கல்வி நிறைவுறாது. மாறாச் செலவு யாது, மாறுஞ் செலவு யாது, இழப்பு நேரின் அதனைச் சுமப்பவர் யாவர், நல்லாண்டின் கணக்கைக்கொண்டு தீயாண்டைத் தாங்க இயலுமோ என்னும் வினாக்களை மாணவன் தன் வரைபடத்தின் அருகிலேயே எழுதிப் பழகுதல் வேண்டும். மன்னார்க் கரையின் பிள்ளைகளுக்கு இவற்றை விளக்கத் தொலைவிலுள்ள தொழிற்சாலைகளைத் தேடவேண்டியதில்லை. உப்புப் பாத்தியும் முத்துப் பாருமே அவர்க்குப் பாடநூலாகும்.