தேனீயை அரைத்த அரை நூற்றாண்டு

தேனீ கொட்டினால் மூட்டுவலி போகும் என்ற நாட்டு நம்பிக்கையை மருத்துவ ஏட்டில் ஏற்றியவர் பிலிப் டெர்ச். இன்று ஸ்லோவேனியாவில் இருக்கும் மரிபோர் நகரில் மருத்துவம் பார்த்த அவர், தேனீக் கொட்டுக்கும் வாத நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1888இல் வியன்னாவில் எழுதினார். தேனீ நஞ்சின் வரலாற்றை அவரிடமிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் அந்த நஞ்சு சந்தேகத்துக்கு இடமில்லாமல் பயன்பட்டது வாத நோயாளிகளுக்கு அல்ல, ஒரு கொட்டிலேயே உயிர் போகக்கூடிய ஒவ்வாமைக்காரர்களுக்கு. நஞ்சில் உள்ள நொதிகளைத் தனித்தனியாகப் பார்க்காதவரை இது பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை.

ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் தேனீயின் உடல் முழுவதும் இருக்கிறது என்று 1930இல் அமெரிக்காவில் பென்சனும் செமனோவும் எழுதினார்கள். அதன்பின் தேனீயை முழுசாக அரைத்துச் சாறெடுத்து ஊசி போடுவதே சிகிச்சையாயிற்று. நஞ்சைத் தனியே சேகரிப்பது எளிதாக இருக்கவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். நியூயார்க்கில் மேரி லவ்லெஸ் 1950களில் குளவிகளின் நஞ்சுப்பைகளைப் பிரித்தெடுத்துச் சோதித்து, மருந்து அங்கேதான் இருக்கிறது என்றார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1963இல் ஆய்வாளர் பென்டனின் குழு நஞ்சைச் சேகரிக்க ஒரு வழி சொன்னது: தேன்கூட்டின் வாசலில் மின்கம்பிச் சட்டம், அதன் கீழே இழுத்துக் கட்டிய நைலான் துணி. லேசான மின்னதிர்வில் சீறும் தேனீ துணியில் கொட்டும். நம் தோலில் மாட்டிக்கொள்வதுபோல் கொடுக்கு அதில் மாட்டாது; தேனீ பிழைத்துப் போகும். துணிக்கு அடியில் காய்ந்த நஞ்சைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

உலர்ந்த நஞ்சில் ஏறத்தாழ பாதி மெலிட்டின் என்ற சிறு புரதம். பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். செல்சவ்வின் கொழுப்பை உடைப்பது அதன் வேலை. ஹயலுரோனிடேஸ் ஓரிரு சதவீதம்தான், ஆனால் திசுக்களைப் பிணைக்கும் பசையை அறுத்து மற்றவற்றுக்கு வழிவிடுவது அது. தேனீ ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் பாஸ்போலிபேஸ் என்று 1976இல் தெரியவந்தது. 1978இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நஞ்சையும் அரைத்த சாற்றையும் வெற்று மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். மீண்டும் கொட்டவைத்தபோது உடல் முழுக்க எதிர்வினை கண்டவர்கள் வெற்று மருந்தில் 12 பேரில் 7, சாற்றில் 11 பேரில் 7, நஞ்சில் 18 பேரில் ஒருவர். அரைத்த தேனீக்கும் வெறும் ஊசிக்கும் வித்தியாசமே இல்லை. ஐம்பது ஆண்டுச் சிகிச்சைக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு எழுத முடியாது.

ஊசியில் போவது முழு நஞ்சுதானே, நொதிக்கு ஏன் புகழ் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு குப்பி நஞ்சுக்கு எவ்வளவு வீரியம் என்று அளப்பதே அந்த நொதிகளின் செயல்திறனை வைத்துத்தான். டெர்ச்சின் நோயாளிகள் தேறினார்களே என்பவர்கள், வாத வலி தானாகவே ஏறி இறங்கும் என்பதையும், அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை வைக்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேறு நோயானாலும், 2005இல் நெதர்லாந்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 26 பேருக்கு உயிருள்ள தேனீக்களைக் கொட்டவைத்து முறையாக ஒப்பிட்டபோது பலன் தெரியவில்லை. ஒவ்வாமைச் சிகிச்சையில் வழக்கமான பராமரிப்பு அளவு 100 மைக்ரோகிராம். ஓரிரு கொட்டுகளில் இறங்கும் நஞ்சுதான். வலிக்காக உயிருள்ள தேனீயைத் தோலில் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எவ்வளவு இறங்கியது என்பது அவர்களுக்கும் தெரியாது, கொட்டு வாங்குபவருக்கும் தெரியாது.