நீர்வேலியில் வாழ்ந்த ஓவியர்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண்ணும் வாழைத்தோட்டமும் அவ்வூரின் அடையாளங்கள். இரகுவம்சத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் பெயர் அங்குள்ள பிள்ளையார் கோயிலில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரு புலவனின் பெயரை இவ்வளவு காலம் காத்துவந்த அவ்வூரிலே, தூரிகையைத் துணையாகக் கொண்டு வாழ்ந்தவர் ஓவியர் ஆசை இராசையா. 1946 இல் அச்சுவேலியிற் பிறந்து, கொழும்பில் 'ஹேவூட்' என வழங்கிய அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, சித்திர ஆசிரியராகப் பணியாற்றி, 2020 இற் காலமானவர்.

யாழ்ப்பாணத்திலே ஓவியத்தை மட்டும் நம்பி வாழ்ந்தோர் அரியர். ஓவியர் என்போர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர்களே. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1938 இல், சித்திரக் கல்வி அதிகாரியாயிருந்த எஸ். ஆர். கனகசபை என்பார் ஆசிரியர்களை ஒன்றுகூட்டி ஒரு கழகம் அமைத்தார். இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராயிருந்த வின்சர் என்னும் ஆங்கிலேயரின் பெயரையே அதற்கு இட்டார். பகலிற் கற்பித்தோர் ஓய்வு நேரத்தில் வண்ணந்தீட்டிப் பழகினர். அவர்கள் வழியே நவீன ஓவியம் குடாநாட்டுக்குள் நுழைந்தது. 1959 இல் குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். விடுமுறைக்காலம் என்ற பெயரே கதையைச் சொல்லிவிடுகிறதன்றோ!

இத்தனை பேர் வரைந்தவை எங்கே? 1943 இற் கொழும்பில் எழுந்த '43 குழுவினரின் ஓவியங்களுக்கு, அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் தம் இல்லத்தையே புகலிடமாக்கினார். அவை அங்கே பேணப்பட்டன. வடக்கில் அத்தகைய வீடொன்று அமையவில்லை. கனகசபையின் கழகத்தார் தீட்டியவற்றுட் பெரும்பாலானவை இன்று காணக்கிடைப்பதில்லை. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, குழந்தையையும் முதியோரையும் சுமப்பார்களா, சட்டமிட்ட ஓவியத்தைச் சுமப்பார்களா? நீர்வேலியும் அந்த வலிகாமத்தைச் சேர்ந்ததே.

மாற்கு உருவங்களைச் சிதைத்தும் கோடுகளை நீட்டியும் புதுமை தேடினார். இராசையாவோ கண்டதைக் கண்டவாறு தீட்டும் யதார்த்தப் பாணியில் நின்றவர். நிழற்படக் கருவி வந்தபின் இப்பாணிக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். கருவி ஒரு கணத்து முகத்தையே பிடிக்கும். ஓவியனோ பல மணி நேரம் நோக்கி, எந்த நிழலைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஓயாது முடிவு செய்கிறான். வெளிறிய பழைய படமொன்றைக் கொண்டு, மறைந்த பெரியார் ஒருவரின் முகத்தை மீட்டெடுப்பதற்கு இப்பயிற்சியே கைகொடுக்கும்.

இராசையாவுக்கு அத்தகைய பணி தபால் முத்திரைகளின் வடிவிலும் வாய்த்தது. இலங்கை அஞ்சற் பகுதியின் முத்திரைகளுக்கு அவர் ஓவியங்கள் வரைந்தார். முத்திரை ஓவியம் இலகுவான வேலையன்று. பெரிதாக வரைந்ததை விரலளவாகச் சுருக்கி அச்சிடுவர். அப்போது மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அருகருகேயுள்ள வண்ணங்கள் கலங்கி ஒன்றாகும். ஆகவே, சுருங்கிய பின்னும் கண்ணும் வாயும் தெளிவாய் நிற்குமாறு ஒளியையும் இருளையும் முன்கூட்டியே வகுத்துவைக்க வேண்டும். பெயரும் விலையும் பொறிப்பதற்கு இடமும் விடவேண்டும்.

பெருஞ்சட்டத்து ஓவியங்கள் போரில் மறைந்த நாட்டிலே, இச்சிறு காகிதத் துண்டுகள் தப்பிப்பிழைத்தன என்பது வியப்பான செய்தி. ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடல்கடந்தவற்றை ஒரு குண்டு அழித்துவிட இயலாது. கடிதத்தைப் பிரித்தவர் அதை வரைந்தது யார் என்று வினவியிருக்கமாட்டார். நாவால் நனைத்து ஒட்டியவரும் அவ்வாறே. முத்திரை சேர்ப்போரின் தொகுதிகளில், மெல்லிய தாளுக்கு அடியிலே, நீர்வேலி ஓவியரின் கைவண்ணம் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றது.