லோயர்கேம்ப்

கம்பத்தில் குமுளி பஸ் ஏறி 'கேம்ப்புக்கு ஒண்ணு' என்றால் கண்டக்டர் மேற்கொண்டு கேட்கமாட்டார். கூடலூருக்கு அப்பால், மலையேறுகிற சாலையின் அடிவாரத்தில் இறக்கிவிடுவார். லோயர்கேம்ப். அப்பா அங்கே பவர்ஹவுஸில் வேலை பார்த்தார். மின்வாரியக் குடியிருப்பில்தான் நான் வளர்ந்தேன். ராட்சசக் குழாய்கள் நாலும் மலையிலிருந்து இறங்குவது எங்கள் வாசலிலிருந்தே தெரியும்.

பவர்ஹவுஸ் வந்ததோ 1950களின் கடைசியில். பெயர் அதற்கும் முந்தியது. 1886 அக்டோபர் 29-ல் முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை கையெழுத்தானது. மறுவருடம் வேலை தொடங்கி 1895-ல் பெரியாறு தண்ணீர் நம் பக்கம் திரும்பியது. அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக்கின் ஆட்கள் கூடாரம் போட்டுத் தங்கிய காலம் அது. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கிய சாமான்கள் மாட்டுவண்டியில் கூடலூர் வழியாக அடிவாரத்துக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் மேலேறும். மதராஸ் பயோனியர் பட்டாளத்து ஆட்கள், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள், கூலிக்காரர்கள் என்று மேலே அணைக்கட்டில் பெருங்கூட்டம். மலேரியாவும் காலராவும் கொண்டுபோனவர்களை அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். 483 பேர் என்பது கணக்கு.

நாலு நாள் தங்கிக் கலைவதற்கு இருந்த 'கேம்ப்' என்ற சொல், இங்கே ஊராகவே நிலைத்துவிட்டது. மற்ற இடங்களில் அது இன்னும் அலைகிறது. தாலுகா ஆபீஸில் 'சார் கேம்ப்' என்றால் அன்று கையெழுத்துக் கிடைக்காது. எங்கள் அப்பத்தா 'கேம்ப்புக்குப் போறேன்' என்றால் கண் ஆபரேஷன். அரவிந்த் ஆஸ்பத்திரி பஸ் வந்து கூட்டிப்போகும். மண்டபம் கேம்ப்பை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைக் கப்பலேற்றுமுன் அடைத்துவைத்த இடம் அது. 1983-க்குப் பிறகு, இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களையும் அதே இடம்தான் வாங்கிக்கொண்டது.

அந்தப் பெரியாற்றுத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பென்னிகுவிக்குக்கு 2013-ல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டியோட்டியவர், கம்பிவடம் இழுத்தவர், காய்ச்சலில் செத்தவர் ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் வாசித்ததில்லை. அந்தக் காலத்துக் கூலிப் பதிவேடு எந்த ஆவணக் கிடங்கிலாவது மிஞ்சியிருந்தால், பொதுப்பணித்துறை அதைத் தேடியெடுத்து மணிமண்டபத்துச் சுவரில் அத்தனை பெயரையும் பொறிக்கவேண்டும்.