கட்டோகாலா அந்துப்பூச்சிகள்: ஒரு கோடைகாலத் தேடலின் வரலாறு

கட்டோகாலா என்பது எரெபிடே குடும்பத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சிப் பேரினம் ஆகும். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய கண்டங்களின் மிதவெப்பக் காடுகளில் இதன் இருநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை வட அமெரிக்காவில் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றை 'அண்டர்விங்' என்பர். அடியில் உள்ள இறக்கை என்பது அதன் பொருள். இப்பூச்சியின் முன் இறக்கைகள் மரப்பட்டையைப் போலச் சாம்பல், பழுப்பு நிறங்களில் இருக்கும். அவற்றுக்கு அடியில் மறைந்திருக்கும் பின் இறக்கைகளோ சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் கரும்பட்டைகளுடன் காணப்படும். சில இனங்களில் அவை முழுக் கறுப்பாகவே இருக்கும். இந்த மறைந்த அழகே இரண்டு நூற்றாண்டுகளாகச் சேகரிப்பாளர்களைக் கோடை இரவுகளில் காட்டுக்கு இழுத்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்தத் தேடல், இரைக்கும் இரையுண்ணிக்கும் இடையிலான உறவு பற்றிய முக்கியமான ஆய்வுகளுக்கு எவ்வாறு வழிவகுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்களில் ஒரு குடும்பக் கதை

இப்பேரினத்துக்குக் கட்டோகாலா என்ற பெயரை 1802இல் சூட்டியவர் பவேரிய இயற்கை அறிஞர் ஃபிரான்ஸ் வான் பவுலா ஷ்ராங்க். 'கீழே', 'அழகு' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. அதற்கு முன்பே ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் சில இனங்களுக்குத் திருமணம் தொடர்பான இலத்தீன் பெயர்களை இட்டிருந்தார். பாக்டா (1758) என்றால் மணம் பேசி உறுதி செய்யப்பட்டவள். ஸ்பான்சா (1767) என்றால் நிச்சயிக்கப்பட்ட பெண். நுப்டா (1767) என்றால் மணமானவள்.

பின்னர் வந்தவர்கள் இந்த மரபைத் தொடர்ந்தனர். 1773இல் இலண்டனிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஓவியர் ஜான் அபட், பின்னர் ஜார்ஜியாவில் தங்கி, பூச்சிகளை அவற்றின் புழுக்களுடனும் உணவுச் செடிகளுடனும் சேர்த்து வரைந்தார. அந்த ஓவியங்களுடன் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1797இல் வெளியிட்ட நூலில் நியோகாமா (புதிதாக மணமானவள்), விடுவா (கைம்பெண்) ஆகிய பெயர்கள் இடம்பெற்றன. கறுப்புப் பின் இறக்கை கொண்ட இனங்களுக்குத் துக்கம் குறித்த பெயர்களே பொருத்தமாகத் தோன்றின. பிரெஞ்சு அறிஞர் அஷீல் கெனே 1852இல் ஓர் இனத்துக்கு லாக்ரிமோசா (கண்ணீர் மல்கியவள்) என்றும், மற்றொன்றுக்கு இன்சோலாபிலிஸ் (ஆற்ற முடியாத துயருடையவள்) என்றும் பெயரிட்டார்.

நாடக மேடையும் இப்பெயர்ப் பட்டியலில் இடம் பிடித்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற நடிகர் ஹென்றி எட்வர்ட்ஸ் (1827–1891) ஒரு தேர்ந்த பூச்சியியலாளரும் ஆவார். அவர் 1880களின் தொடக்கத்தில் விவரித்த இனங்களுக்கு ஒஃபீலியா, ஹெர்மியா, டெஸ்டிமோனா என ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். அவரது சேகரிப்பு அவர் மறைந்த பின் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

ஓராண்டு வாழ்க்கை

இப்பூச்சிகளைத் தேடுபவர் முதலில் அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்திருக்க வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். பெண் பூச்சி கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் மரப்பட்டை இடுக்குகளில் முட்டையிடும். குளிர்காலம் முழுவதும் முட்டையாகவே கழியும். வசந்தத்தில் மரம் துளிர்க்கும்போது புழுக்கள் வெளிவரும். பெரும்பாலும் இரவில் தளிர்களைத் தின்று, பகலில் கிளையோடு ஒட்டிக் கிடக்கும். உடலின் இரு ஓரங்களிலும் உள்ள மெல்லிய இழைகள் நிழல் விழாமல் மறைப்பதால் புழுவையும் கிளையையும் பிரித்தறிவது கடினம். வளர்ந்த புழு தரையில் உதிர்ந்த சருகுகளிடையே மெல்லிய கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை இனத்துக்கு இனம் மாறுபட்ட வேளைகளில் அந்துப்பூச்சிகள் வெளிவரும்.

ஒவ்வோர் இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில மரங்களையே நம்பியிருக்கிறது. ஹிக்கரி, வால்நட், ஓக், வில்லோ, பாப்லர் ஆகியவை இவற்றின் முக்கிய உணவு மரங்கள். எனவே எந்த மரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவருக்கே எந்தப் பூச்சி எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும். நல்ல சேகரிப்பாளர்கள் பலர் நல்ல தாவர அறிவும் பெற்றிருந்ததற்கு இதுவே காரணம்.

தேடும் முறைகள்

முதல் முறை பகலில் மரங்களைத் தட்டிப் பார்ப்பது. பகல் முழுவதும் இப்பூச்சிகள் மரத்தண்டுகளில் இறக்கைகளை மூடி அமர்ந்திருக்கும். தடியால் தண்டைத் தட்டினால், மறைந்திருந்த சிவப்போ மஞ்சளோ ஒரு கணம் பளிச்சிட, பூச்சி பறந்து அடுத்த மரத்தில் போய் அமரும். அமர்ந்ததும் நிறம் மறைந்துவிடும். துரத்தி வந்தவர் கண்ணெதிரே பூச்சி காணாமல் போகும். எந்த மரத்தில், எந்த உயரத்தில் அமர்ந்தது என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பவருக்கே அது கிட்டும்.

இரண்டாவது முறை சர்க்கரைப் பூச்சு. பழுப்புச் சர்க்கரை அல்லது மொலாசஸ் எனப்படும் கரும்புப்பாகு, புளித்த பீர், அழுகிய பழங்கள், சிறிது ரம் ஆகியவற்றைக் கலந்து ஊறவிடுவர். மாலை மங்கும் நேரத்தில் ஒரு காட்டுப்பாதையின் ஓரத்து மரங்களில் இக்கலவையைத் தூரிகையால் பூசிச் செல்வர். இருட்டிய பின் விளக்குடன் அதே வரிசையில் திரும்ப நடந்து, பூச்சை உறிஞ்ச வந்த பூச்சிகளைப் பார்ப்பர். காற்றில்லாத, புழுக்கமான இரவுகள் இதற்கு ஏற்றவை. குளிர்ந்த இரவில் மரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பிட்ஸ்பர்க் நகரக் கார்னகி அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த வில்லியம் ஜேக்கப் ஹாலண்ட், 1903இல் வெளியான தமது அந்துப்பூச்சி நூலில் இத்தகைய இரவு ஒன்றை விரிவாக எழுதினார். அந்நூலின் வழியே பொதுமக்கள் பலரும் இம்முறையை அறிந்தனர்.

மூன்றாவது முறை ஒளிப்பொறி. 20ஆம் நூற்றாண்டில் பாதரச ஆவி விளக்குகளும் புற ஊதா விளக்குகளும் வந்த பிறகு, வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கேற்றிக் காத்திருப்பது பரவலானது. ஆயினும் கட்டோகாலா இனங்களில் பல, விளக்கைவிடச் சர்க்கரைக்கே நன்றாக வரும் என்பதால் பழைய முறை இன்றும் வழக்கொழியவில்லை.

பருவத்தின் வரிசையும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் சிறிய இனங்களே பெரும்பாலும் முதலில் தோன்றும். பெரிய இனங்கள் ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை மிகுதியாகப் பறக்கும். வெண்மை கலந்த ரெலிக்டா போன்றவை இலையுதிர் காலத்திலும் காணப்படும். ஒரே இரவில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. முழுக் கோடையும் தேவை.

சேகரிப்பாளர்களும் சச்சரவுகளும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியே இத்தேடலின் உச்சக்கட்டம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பணியாற்றிய அகஸ்டஸ் ராட்கிளிஃப் குரோட் (1841–1903) அமெரிக்க அந்துப்பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர். அவருக்குப் போட்டியாக இருந்தவர் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்ட்ரெக்கர் (1836–1901). கல்லறைக் கற்கள் செதுக்குவதே ஸ்ட்ரெக்கரின் பிழைப்பு. பகலில் கல் செதுக்கி, இரவில் பூச்சிகளைப் படம் வரைந்து, தாமே அச்சுக்கல்லில் தீட்டி நூல் வெளியிட்டார்.

ஒரே பூச்சிக்கு இருவர் இரு பெயர் சூட்டுவதும், யார் முந்தியவர் என்று இதழ்களில் வாதிடுவதும் அன்று வழக்கமாக இருந்தன. பிறர் சேகரிப்பிலிருந்து ஸ்ட்ரெக்கர் மாதிரிகளைத் திருடினார் என்ற குற்றச்சாட்டு வரை பகை முற்றியது. அவர் அதை மறுத்தார். குரோட்டின் சேகரிப்பு விற்கப்பட்டு இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஸ்ட்ரெக்கரின் சுமார் 50,000 மாதிரிகளை 1908இல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் வாங்கியது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகளும் நடந்தன. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகர அறுவை மருத்துவர் வில்லியம் பார்ன்ஸும் ஜேம்ஸ் மெக்டனோவும் 1918இல் வட அமெரிக்கக் கட்டோகாலா இனங்களைப் படங்களுடன் தொகுத்து வெளியிட்டனர். இவ்வாறு ஒப்பிட்டுத் தீர்மானிக்க உதவியவை இறக்கைகள் மட்டுமல்ல. ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் செருகப்பட்டிருந்த சிறு சீட்டும் உதவியது. இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை எழுதப்படாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியலுக்கு அதனால் பயன் மிகக் குறைவு.

நிறம் எதற்கு?

சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு நாளும் கண்ட காட்சியிலேயே ஒரு கேள்வி இருந்தது. மறைந்து வாழும் பூச்சிக்குப் பளிச்சிடும் நிறம் எதற்கு? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் சார்ஜென்ட் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பூச்சி தன் உடல் நிறத்தைக் கண்ணால் பார்த்து அதற்கேற்ற பட்டையைத் தேர்ந்தெடுக்கிறதா என்றறிய, கண்ணைச் சுற்றியுள்ள செதில்களுக்கு அவர் வேறு நிறம் பூசினார். அப்போதும் பூச்சிகளின் தேர்வு மாறவில்லை. எனவே அத்தேர்வு பிறவியிலேயே அமைந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிடிபட்ட பூச்சிகளின் இறக்கைகளில் பறவை அலகின் தடங்கள் இருப்பதையும் அவர் பதிவு செய்தார். அத்தடம் உள்ள பூச்சி, பறவையின் வாயிலிருந்து தப்பியது என்று பொருள். 1976இல் வெளியான அவரது நூல் இத்துறையில் முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா பியட்ரெவிச், ஆலன் காமில் ஆகியோர் 1970களில் நீல ஜே பறவைகளுக்குப் படங்களைக் காட்டிச் சோதித்தனர். படத்தில் பூச்சி இருந்து, பறவை கொத்தினால் அதற்குப் புழு பரிசாகக் கிடைக்கும். ஒரே இனத்தின் படங்கள் தொடர்ந்து வந்தபோது பறவைகள் அதைக் கண்டுபிடிப்பதில் தேர்ச்சி பெற்றன. இரண்டு இனங்கள் கலந்து வந்தபோது அத்தேர்ச்சி ஏற்படவில்லை.

1985இல் டெப்ரா ஷ்லெனாஃப் வெளியிட்ட ஆய்வு பின் இறக்கையைப் பற்றியது. சாம்பல் நிறப் பின் இறக்கை கொண்ட செயற்கைப் பூச்சிகளுக்குப் பழகிய ஜே பறவைகள், திடீரெனக் கட்டோகாலா நிறம் வெளிப்பட்டபோது திடுக்கிட்டன. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கண்டபின் அச்சம் தணிந்தது. ஆனால் வேறொரு கட்டோகாலா வடிவம் வந்தபோது மீண்டும் திடுக்கிட்டன. ஒரே காட்டில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் பலவகைப் பின் இறக்கைகள் இருப்பதற்கு இது ஒரு விளக்கம் தருகிறது. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் பறவைகள் விரைவில் பழகிவிடும்.

இழப்பும் பதிவும்

பூச்சிகளைக் கொன்று சேர்ப்பது தேவையா என்ற கேள்வி இன்று எழுகிறது. இப்பூச்சிகளுக்கு வலையைவிடப் பெரிய ஆபத்து உணவு மரங்களின் அழிவும் பூச்சிக்கொல்லித் தெளிப்பும் ஆகும். 1860களின் இறுதியில் மாசசூசெட்ஸில் தப்பிப் பரவிய ஐரோப்பிய அந்துப்பூச்சி ஒன்று காடுகளை மொட்டையாக்கியதால், அதற்கு எதிராகப் பெரிய அளவில் மருந்து தெளிக்கப்பட்டது. அத்தெளிப்பு நடக்கும் வசந்த காலத்திலேயே கட்டோகாலா புழுக்களும் தளிர் தின்கின்றன. பகைப் புழு, பிற புழு என்று மருந்து பிரித்துப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் நீலப்பட்டைப் பின் இறக்கை கொண்ட ஃபிராக்சினி இனம் 20ஆம் நூற்றாண்டில் நிலையாக வாழும் இனமாக இல்லாமல் போய், 21ஆம் நூற்றாண்டில் தெற்குப் பகுதிகளில் மீண்டும் குடியேறியது. அது இருந்ததும், மறைந்ததும், திரும்பியதும் நமக்குத் தெரியக் காரணம், பல தலைமுறையினர் எழுதிவைத்த இடமும் நாளும்தான். இன்று பலர் பூச்சியைக் கொல்லாமல் ஒளிப்படம் எடுத்து, அதே விவரங்களைப் பதிவு செய்கின்றனர்.

இதே உத்தியைத் தமிழ்நாட்டிலும் காணலாம். எரெபிடே குடும்பத்தையே சேர்ந்த யூடோசிமா அந்துப்பூச்சிகள் எலுமிச்சை வகைப் பழங்களையும் மாதுளையையும் துளைத்துச் சாறு உறிஞ்சுபவை. இவற்றின் புழுக்கள் சீந்தில் போன்ற கொடிகளைத் தின்கின்றன. சருகு போன்ற முன் இறக்கைக்கு அடியில் இவற்றுக்கும் கரும்பட்டையுடன் கூடிய ஆரஞ்சு மஞ்சள் இறக்கை மறைந்துள்ளது. பழத்தோட்டத்தில் இரவில் கைவிளக்குடன் தேடும் மாணவர், கண்ட இடத்தையும் நாளையும் எந்தப் பழத்தில் கண்டார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அதுவும் பயனுள்ள பதிவே.